விளக்கு வைத்த பிறகு ஒரு மருத்துவ முகாம்



ஈழம் என்றாலே நம் மேடைகளில் கழுத்து நரம்பு புடைக்கும். நான் பேச வந்தது பிரஷர் மாத்திரையைப் பற்றி.

பழவிளை, ஞாறான்விளை, கோழிவிளை, பெருமாள்புரம். நம் குமரி மாவட்டத்து ஈழத்தமிழர் முகாம்கள் இவை. 1983 இலங்கைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்களில் பலரும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இப்படிப்பட்ட முகாம்களில்தான் வாழ்கிறார்கள். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் முகாமில் ஒரு பெண் முழுகாமல் இருந்தால் கிராம சுகாதாரச் செவிலியர் போய்ப் பார்க்கிறார். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் கதவு அவளுக்கும் திறந்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டிலும் அந்தக் குடும்பத்துக்கு இடமுண்டு. போலியோ சொட்டு மருந்து கொடுக்கும்போது ‘எந்த நாட்டுப் பிள்ளை?’ என்று யாரும் கேட்பதில்லை. குடியுரிமைச் சட்டம்தான் கேட்கிறது: 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தவர் என்றால், தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டுமாம். சட்டத்தைவிட நம் நர்ஸம்மாவுக்கு மனசு பெரிது!

2021-இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றினார்கள். 7,469 புது வீடுகளும் அறிவித்தார்கள். நல்லது. ஒற்றை அறையில் தாத்தா இருமினால் அடுத்த பாயில் பேரன். வீடு கட்டுவதும் வைத்தியம்தான்.

என் குறை வேறு. முகாம் ஆண்களில் பலர் பெயிண்ட் அடிப்பவர்கள். விடிந்ததும் சோற்றுப் பாத்திரத்தோடு பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பகலில் வாசலுக்கு வரும்போது அந்த ஆள் எங்கோ மூன்றாவது மாடிச் சாரத்தில் நிற்கிறார். தலை சுற்றினால் வெயில் என்று நினைத்துக்கொள்வார். ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றால் ஒருநாள் கூலி போச்சு. அரசு தரும் மாத உதவியோ குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய்.

ஆகவே மாதம் ஒருநாள், மாலை ஏழு மணிக்கு, ஒவ்வொரு முகாமிலும் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கட்டும். மனநல மருத்துவரும் வரட்டும். ‘நித்திரை வருதில்லை’ என்கிற பெரியவருக்கு மாத்திரை மட்டும் போதாது; பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

மாவட்ட சுகாதார அலுவலருக்கு மனு எழுதி அந்த மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள்.