‘பி.காம். தானே!’ என்று சொல்லாதீர்கள்

(பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்ததையொட்டி நமது அறக்கட்டளை நடத்திய பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மஃக்ரிப் பாங்குக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று தலைவர் அவர்கள் இப்போதே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டார்கள். எனவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, இதே மாதிரி ஒரு மே மாதத்தில், ஒரு பையன் தன் அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்தான். கணக்குப்பதிவியலில் 200க்கு 194. கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி கேட்டான். நான் மதிப்பெண் பட்டியலைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. “பி.காம். தானே தம்பி? அதற்கெல்லாம் நம்ம அறக்கட்டளையில் உதவித்தொகை கிடையாது. இன்ஜினீயரிங் என்றால் வா” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு நமது விதி அப்படித்தான் இருந்தது. பொறியியல், மருத்துவம், நர்சிங், இவ்வளவுதான். அந்தப் பையன் வளைகுடாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு அடுக்கும் வேலைக்குப் போனான். விடுமுறையில் ஊர் வந்தால் பள்ளிவாசலில் பார்த்து ஸலாம் சொல்வான். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

இரண்டாவது சம்பவம் உங்களில் பலருக்குத் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன்பு நமது அறக்கட்டளைக் கணக்கில் ஒரு குழப்பம் வந்தது. நமது ஏட்டின்படி வங்கியில் இருக்க வேண்டிய தொகையைவிட வங்கி அறிக்கையில் 23,590 ரூபாய் குறைந்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அது ஸதகா பணம், ஜகாத் பணம். இரண்டு வாரத்தில் டீக்கடை வரைக்கும் பேச்சு போய்விட்டது. அப்போதைய பொருளாளர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். தன் கைப்பணத்தைப் போட்டுச் சரி செய்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னார். போட்டிருந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே ஆகியிருக்கும்.

அந்த நேரத்தில் நமதூர்ப் பெண்பிள்ளை ஒருவர், பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவர், “நான் பார்க்கட்டுமா?” என்று தன் அத்தாவோடு வந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்தார். ஒரு பக்கம் நம் ஏடு, ஒரு பக்கம் வங்கி அறிக்கை, கையில் ஒரு பென்சில். பொருந்துகிற ஒவ்வொரு தொகைக்கும் இரண்டு பக்கமும் டிக் அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் டிக் விழாமல் மூன்று இனங்கள் நின்றன. நன்கொடையாக வந்த 20,000 ரூபாய் காசோலை ஒன்று பணமில்லாமல் திரும்பியிருந்தது. வங்கி அனுப்பிய கடிதம் வேறு கோப்புக்குள் கிடந்தது, நாம் ஏட்டில் வரவை நீக்கவே இல்லை. அதற்கு வங்கி பிடித்த கட்டணம் வரியோடு 590 ரூபாய். மூன்றாவது, ஒருவர் வங்கி மூலம் அனுப்பிய 3,000 ரூபாய். அனுப்பியபோது ஒரு தடவையும், அவர் நேரில் வந்து ரசீது வாங்கியபோது இன்னொரு தடவையும் எழுதியிருந்தோம். கூட்டிப் பாருங்கள், 23,590.

இந்த வேலைக்கு ‘வங்கிச் சரிகட்டும் பட்டியல்’ என்று பெயர். பிளஸ் ஒன் பாடப்புத்தகத்திலேயே வருகிறது. அந்தப் பாடம் தெரிந்த ஒருவர் நிர்வாகத்தில் இல்லாததால் ஒரு நல்ல மனிதரின் பெயர் இரண்டு வாரம் தெருவில் கிடந்தது. பொருளாளர் அவர்கள் அடுத்த பொதுக்குழுவில் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். சந்தேகப்பட்டவர்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்களா என்று நான் சொல்லப்போவதில்லை. அவர்களில் சிலர் இங்கேயும் இருக்கிறீர்கள். திரும்பி வந்த காசோலை யாருடையது என்றும் கேட்காதீர்கள். நிர்வாகிகள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

இப்போது படிப்பைப் பற்றிச் சொல்கிறேன். பி.காம். என்பது பொதுவான பட்டம். அதிலேயே ‘அக்கவுண்டிங் அண்டு ஃபைனான்ஸ்’ என்று தனிப் பிரிவும் பல கல்லூரிகளில் இருக்கிறது. மூன்று வருடம். நிதிக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், தணிக்கை, வருமான வரி, வணிகச் சட்டம், ஜி.எஸ்.டி., நிதி மேலாண்மை என்று பாடங்கள் வரும். “என் மகனுக்குக் கணிதம் வராதே” என்று தாய்மார்கள் பயப்படுகிறார்கள். வணிகக் கணிதம், புள்ளியியல் என்று ஒன்றிரண்டு தாள்கள் உண்டு. மற்றபடி கூட்டல், கழித்தல், விழுக்காடு இவைதான். பொறுமையும், எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்கிற தெளிவும் வேண்டும்.

அந்தத் தெளிவு லேசுப்பட்டதல்ல. நம் கடைவீதியில் ஒருவர் கடைக்கு வாடகை முன்பணம் ஒரு லட்சம் கொடுக்கிறார். அந்த மாதம் ‘ஒரு லட்சம் செலவாகிவிட்டது, நஷ்டம்’ என்கிறார். அது செலவே இல்லை. திரும்பி வரவேண்டிய சொத்து. இன்னொருவர் ரெடிமேட் கடை வைத்திருக்கிறார். ரமலானுக்குக் கடனில் சரக்கு இறக்கினார், பெருநாளைக்குள் எல்லாம் விற்றும்விட்டது. பாதி கடனுக்கு விற்றது. ஏட்டில் நல்ல லாபம். ஆனால் மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை திரும்பிவிட்டது. லாபம் இருக்கிறது, பணம் இல்லை! இது எப்படி என்பதைத்தான் நிதி மேலாண்மையில் ‘நடைமுறை மூலதனம்’ என்ற பாடத்தில் சொல்லித்தருகிறார்கள். கணக்கியல் நடந்ததைச் சரியாகச் சொல்கிறது. நிதியியல், அதை வைத்து அடுத்து எவ்வளவு சரக்கு எடுக்கலாம், எத்தனை நாள் கடன் கொடுக்கலாம் என்று முடிவு செய்யச் சொல்கிறது.

நான் கல்லூரிக்குப் போகும் முன் மதரஸாவில் ஓதியவன். அங்கே எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஃபராயிழ், அதாவது வாரிசுரிமைப் பங்கீடு. ஜனாஸாச் செலவும் கடனும் முதலில், பிறகு மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் வஸிய்யத், அப்புறம்தான் பங்கு. ஒருவர் மனைவி, இரண்டு மகள்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு இறந்துபோகிறார். எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, ஆறில் ஒன்று, ஆறில் ஒன்று. சொத்தை 24 பங்காக்கிக் கூட்டினால் 27 வருகிறது! அப்போது எல்லார் பங்கும் அதே விகிதத்தில் குறைந்து, மனைவிக்கு 27இல் மூன்று, அதாவது ஒன்பதில் ஒன்று கிடைக்கும். இதற்கு ‘அவ்ல்’ என்று பெயர். இதைப் புரிந்துகொண்ட மதரஸா மாணவனுக்கு எந்தக் கல்லூரிக் கணக்கும் பயமுறுத்தாது என்பது என் அனுபவம். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? அத்தா மௌத்தான பிறகு பங்கு பிரிக்க உட்காருகிறோம். கடையில் யாருக்கு எவ்வளவு முதல், அண்ணன் போட்டது கடனா கூட்டா, ஒன்றும் எழுதியிருக்காது. விகிதம் சொல்ல ஹஜ்ரத் இருக்கிறார். எதை வகுப்பது என்று சொல்ல ஆள் இல்லை.

ஜகாத்தும் அப்படித்தான். வியாபாரச் சரக்குக்கு நாற்பதில் ஒன்று என்று எல்லாருக்கும் தெரியும். வருடம் முடியும் நாளில் கடையில் என்ன சரக்கு இருக்கிறது, அதன் மதிப்பு என்ன, வரவேண்டிய கடனில் வரக்கூடியது எவ்வளவு என்று எழுதி வைத்திருப்பவர் நம்மில் எத்தனை பேர்? ‘ஒரு குத்துமதிப்பாகக் கொடுத்துவிட்டேன்’ என்கிறோம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது என்று மக்தப் பிள்ளையைக் கேட்டால் அல்பகரா 282 என்று சொல்லிவிடும். அது கடனை எழுதி வைப்பது பற்றிய வசனம். சிறியதோ பெரியதோ எழுதச் சோம்பக் கூடாது, எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி வரும். போன வாரம் ஒரு தகப்பனார் என் வீட்டுக்கே வந்து கேட்டார். “வட்டி வாங்குபவர், கொடுப்பவர் மட்டுமல்ல, அதை எழுதுபவரும் குற்றவாளி என்று ஹதீஸ் இருக்கிறதே, என் பிள்ளையை இந்தப் படிப்பில் சேர்க்கலாமா?” நியாயமான பயம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாடத்தில் கடன் பத்திரக் கணக்கும் வட்டிக் கணக்கும் வரத்தான் செய்யும். பாடமாகத் தெரிந்துகொள்வது வேறு, அதையே தொழிலாகச் செய்வது வேறு என்றுதான் நான் கேட்டுப் பார்த்த ஆலிம்கள் சொன்னார்கள். எந்த வேலையில் சேர்வது என்பதை அந்தந்த நேரத்தில் அவர்களிடமே கேளுங்கள்; ஃபத்வா சொல்வது செயலாளர் வேலை அல்ல. ஆனால் ஒன்று சொல்வேன். நூற்பாலையின் அடக்கவிலை, மருத்துவமனைக் கணக்கு, கடைகளின் ஜி.எஸ்.டி., அறக்கட்டளைத் தணிக்கை, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 வழியாக உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை என்று வங்கிக்கு வெளியே இந்தப் படிப்புக்கு எத்தனையோ வாசல்கள் இருக்கின்றன. வட்டியில்லா நிதி நிறுவனங்களுக்குக் கணக்கு, தணிக்கை விதிகள் வகுக்கவே பஹ்ரைனில் 1991 முதல் ‘அயோஃபி’ என்ற அமைப்பு இயங்குகிறது. கணக்குப் படித்தவர்கள் இல்லாமல் அந்த விதிகளை யார் எழுதியிருக்க முடியும்?

அடுத்து சி.ஏ. இதில் நான் இனிப்பாகப் பேசப்போவதில்லை. 1949 முதல் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் நடத்தும் தேர்வு இது. பிளஸ் டூ முடித்து ஃபவுண்டேஷன் எழுதிப் போகலாம். அல்லது பட்டம் முடித்து, வணிகவியல் என்றால் 55 விழுக்காடும் மற்றப் பட்டங்களுக்கு 60 விழுக்காடும் இருந்தால், ஃபவுண்டேஷன் இல்லாமல் நேராக இன்டர்மீடியட். அதில் இரண்டு குரூப், ஆறு தாள். ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 விழுக்காடு எடுக்க வேண்டும். ஒரு தாளில் 39 எடுத்தால் அந்த குரூப் போச்சு. பிறகு ஓர் ஆடிட்டரிடம் இரண்டு வருடப் பயிற்சி, அப்புறம் இறுதித் தேர்வு. தமிழில் எழுத வழியில்லை. ஆங்கிலம் அல்லது இந்திதான். தமிழ் வழியில் படித்த நம் பிள்ளைகளுக்கு இதுதான் பெரிய சுவர். கல்லூரி முதல் வருடத்திலேயே ஆங்கிலத்தில் விடை எழுதிப் பழக வேண்டும். கழகத்தின் பாடநூல்கள் அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. செல்போனில் வேறு என்னென்னவோ பார்க்கிறோம்.

நம் அறக்கட்டளைக் கணக்கைச் சரிசெய்த அந்தப் பெண்பிள்ளை இப்போது சி.ஏ. படிக்கிறார். இன்டர்மீடியட்டில் ஒரு குரூப் முடித்துவிட்டார். இரண்டாவது குரூப்பில் இரண்டு தடவை தவறிவிட்டது. இந்த மே மாதம் மறுபடி எழுதியிருக்கிறார், ஜூலையில் முடிவு வரும். துஆச் செய்யுங்கள். உறவுக்காரர்கள் “இன்னும் எத்தனை வருடம்? வரன் வந்து போகிறதே” என்று கேட்கிறார்களாம். பயிற்சிக் காலத்தில் ஆண்கள் இருக்கும் அலுவலகத்துக்கு, தணிக்கைக்காக வெளியூர்க் கம்பெனிகளுக்கெல்லாம் போகவேண்டி வருமே என்று அவருடைய அத்தாவுக்கும் கவலை. அது பொய்க்கவலை இல்லை. பெண் ஆடிட்டர்கள் நடத்தும் அலுவலகங்களும் இருக்கின்றன; பக்கத்து ஊர்களில் தொழுகைக்கு இடம் ஒதுக்கித் தருகிற இரண்டு அலுவலகங்களிடம் நானே பேசியிருக்கிறேன். ஒன்று யோசியுங்கள். நம் பெண்கள் நடத்தும் தையலகம், டியூஷன் சென்டர், வீட்டு மசாலா வியாபாரம் எல்லாவற்றுக்கும் இன்றைக்கு வரிக் கணக்கு இருக்கிறது. அவர்கள் வீட்டு விவரத்தைத் தயக்கமில்லாமல் சொல்ல ஒரு பெண் ஆடிட்டர் நமதூரில் இருந்தால் எப்படி இருக்கும்?

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோரும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை. பி.காம். சேர்க்கையில் பல கல்லூரிகள் பிளஸ் டூவில் வணிகவியலும் கணக்குப்பதிவியலும் படித்திருக்க வேண்டும் என்றே கேட்கின்றன. ‘மார்க் குறைந்தவன் காமர்ஸ் குரூப்’ என்று தள்ளிவிடாமல், விரும்புகிற பிள்ளைக்கு இப்போதே அந்தக் குரூப்பைக் கேட்டு வாங்குங்கள். கல்லூரியில் சேரும்போது அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேளுங்கள். கட்டணத்தில் நிறைய வித்தியாசம். திருச்சி ஜமால் முகமதுவானாலும் சென்னை நியூ காலேஜானாலும் இரண்டும் உண்டு. முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு இட ஒதுக்கீட்டுக்குச் சாதிச் சான்றிதழை இப்போதே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

நம் அறக்கட்டளை விதியையும் நிர்வாகக் குழு மாற்றியிருக்கிறது. இந்த வருடம் முதல் பி.காம். மாணவர்களுக்கும் கட்டண உதவி உண்டு. சி.ஏ., சி.எம்.ஏ. எழுதுபவர்களுக்குப் பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் தருவோம். தேர்வில் தவறினால் உதவியை நிறுத்தலாமா என்று குழுவில் நீண்ட விவாதம் நடந்தது. நான்கு முயற்சி வரைக்கும் நிறுத்துவதில்லை என்று முடிவானது. எனக்கு ஐந்து என்று ஆசை, பெரும்பான்மை கிடைக்கவில்லை.

விண்ணப்பப் படிவம் நாளை முதல் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் கிடைக்கும். மதிப்பெண் பட்டியல் நகலும் பெற்றோர் கையொப்பமும் அவசியம். இம்முறை நான் மதிப்பெண் பட்டியலை முழுதாகப் பார்ப்பேன். அந்த வளைகுடாத் தம்பிக்கும் போன மாதம் தகவல் சொல்லி அனுப்பினேன், தொலைநிலைக் கல்வியில் பி.காம். சேர்ந்தாலும் கட்டணம் தருகிறோம் என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.