ரதி ஆடிய பெரியவர்



கல்லூரி நினைவுகளைப் பேசச் சொல்லித்தான் எங்கள் வகுப்பைக் கேட்டார்கள். கல்லூரியில் நாங்கள் ஒருநாளும் பேசாத ஒன்றைச் சொல்ல வந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதம், நாங்கள் நால்வர் வேன் பிடித்து ஸ்பிரிங்வெளிக்குக் காமன் கூத்துப் பார்க்கப் போனோம். மாசி அமாவாசை கழிந்து ஊன்றிய கம்பத்தை எரிக்கும் இரவு அது. சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவான், ரதி புலம்புவாள். ரதியாக ஆடுவதும் ஆண்பிள்ளைதான். நமுனுகுல மலைக் குளிரில் தப்பைத் தீயில் காய்ச்சிக் காய்ச்சி அடித்தார்கள்.

எங்கள் அருகே சால்வை போர்த்திய பெரியவர் ஒருவர் சாக்கில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தோட்டத்தில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. கூடலூரிலிருந்து வந்தவராம். “இந்தத் தெடல்லதான் நான் ரதி ஆடினேன். மீசை மொளைக்காத வயசு” என்றார்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதிக்கொண்டது. அதில் ஒருவராக, பதுளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர். போன இடத்திலும் தேயிலைதான். பிறந்த ஊரின் கூத்தை இன்னொரு முறை பார்க்கவேண்டுமென்று விசா எடுத்து வந்திருந்தார்!

“நீங்க எந்த லயம் தாயி?” என்று கேட்டார்.

“பதுளை டவுன்” என்றாள் எங்களில் ஒருத்தி, நால்வருக்கும் சேர்த்து. விடுதியில் பழகிய பதில் அது. அப்படிச் சொல்லும்படி எந்த ஆசிரியையும் சொல்லித் தரவில்லை, நாங்களாகவே கற்றுக்கொண்டோம். பெற்றோர் தினத்தில் கொழுந்துக் கறை படிந்த கையோடு வந்த அம்மாவை வாசலோடு பேசி அனுப்பியவர்களும் எங்களில் உண்டு. பதில் சொன்னவளோ அதே ஸ்பிரிங்வெளியில் பிறந்தவள். யாரென்று சொல்லமாட்டோம். இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள்.

பெரியவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. ரதியின் புலம்பல் தொடங்கியதும் அவரும் மெல்லப் பாடினார். நல்ல குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் ராகம் பிசகவில்லை. ஓரிடத்தில் அடி மறந்து நின்றுவிட்டார். உதடு அசைகிறது, சொல் வரவில்லை.

எங்கள் தோழி அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தாள். யோசித்துச் செய்ததல்ல, ஆறாம் வகுப்புக்கு விடுதிக்கு வரும்வரை வருடந்தோறும் கேட்ட பாட்டு, வாயில் வந்துவிட்டது.

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“டவுன்லயும் இதப் பாடுறாங்களா தாயி?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, “மேல் டிவிசன், தாத்தா. கடைசி லயம்” என்றாள்.

“யாரு வூட்டுப் புள்ள?”

அவள் பாட்டன் பெயரைச் சொன்னாள். பெரியவர் சாக்கில் நகர்ந்து இடம் விட்டார். அந்தப் பாட்டனோடு ஒரே பிரட்டில் நின்றவராம். பிறகு இருவரும் பேசிய பேச்சில் எங்களுக்கு இடமில்லை. கம்பம் எரிந்ததை அவர்கள் பார்க்கவேயில்லை. வேன்காரர் மூன்று தடவை ஹோர்ன் அடித்த பிறகுதான் அவளை எழுப்பிக்கொண்டு வந்தோம்.