விட்ட ஓட்டத்தை மீளத் தொடங்குதல்

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் ஓடிப் பரிசில் பெற்றவர்களுள் பலர் முப்பது வயதின்பின் ஓடுவதில்லை. உத்தியோகம், குடும்பம், நோய், பிரயாணம் எனக் காரணங்கள் பலவாகும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் அவர்களுள் ஒருவருக்கு மீண்டும் ஓடவேண்டும் என்னும் ஆசை பிறக்கின்றது. இலக்கு ஒன்று இருந்தால் ஊக்கம் குன்றாது என்று எண்ணி, அரை மரதன் ஓட்டத்துக்குப் பெயரையும் கொடுத்துவிடுகின்றார். அத்தூரம் 21 கிலோமீற்றரும் 97½ மீற்றருமாகும். மைற்கணக்கில் 13 மைலுக்குச் சற்று அதிகம்.

இத்தகையவர் மனத்தில் எழும் முதல் ஐயம், இழந்த வலிமை திரும்புமா என்பதே. இதற்கு விடை கூறும் ஆராய்ச்சி ஒன்று 1966 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே, ரெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் நடைபெற்றது. இருபது வயதளவான ஆரோக்கியமுள்ள இளைஞர் ஐவர் மூன்று கிழமைகள் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். கடும் உழைப்பின்போது உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த வல்லது என்பது நெடுந்தூர ஓட்ட வலிமையை அறிய உதவும் முக்கியமான அளவுகோல். அந்த மூன்று கிழமைகளில் ஐவரிடத்தும் அவ்வளவு சராசரியாக நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் செலுத்தும் இரத்தத்தின் அளவும் சுருங்கிற்று.

பின்னர் அவர்களுக்கு எட்டுக் கிழமைகள் பயிற்சி அளிக்கப்பட்டது. முன்னர் பயிற்சியற்றிருந்த மூவர் இரண்டு கிழமைக்குள் பழைய நிலையை எய்தினர். முன்னரே பயிற்சியுடையோராயிருந்த இருவருக்கோ ஏறக்குறைய ஒரு மாதமும் அதற்கு மேலும் சென்றன. உயரத்திலிருந்து இறங்கியவர் ஏறவேண்டிய தூரமும் அதிகமன்றோ!

முப்பது ஆண்டுகள் கழித்து, 1996 ஆம் ஆண்டில், அதே ஐவரும் மீண்டும் அழைக்கப்பட்டனர். ஐம்பது வயதை எட்டிய அவர்களுடைய உடல் பருத்திருந்தது; பிராணவாயுவைப் பயன்படுத்தும் வலிமையும் தளர்ந்திருந்தது. எனினும் முப்பது ஆண்டு முதுமை விளைத்த தளர்ச்சியினும், மூன்று கிழமைப் படுக்கை விளைத்த தளர்ச்சியே பெரிதெனக் கண்டு ஆராய்ச்சியாளர் வியந்தனர். நடை, மெல்லோட்டம், நிலைச் சைக்கிள் மிதித்தல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கூட்டி, ஆறு மாத முடிவில் கிழமைக்கு நாலரை மணி நேர அளவுக்குப் பயிற்சி கொண்டுவரப்பட்டது. இருபது வயதில் படுக்கைக்குப் போகுமுன் இருந்த அளவை அவர்கள் சராசரியாக மீண்டும் அடைந்தனர். இருதயம் செலுத்தும் இரத்தத்தின் உச்ச அளவு கூடவில்லை. தசைகளே அவ்விரத்தத்திலிருந்து அதிக பிராணவாயுவை எடுத்துக்கொள்ளப் பழகின.

ஆகவே வலிமை திரும்பும். ஆனால் உடலின் எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. இங்கேதான் பழைய ஓட்டக்காரர் ஏமாறுகின்றார். இரத்தத்தின் நீர்ப்பகுதி சில நாட்களிலேயே பெருகத் தொடங்கும். மூச்சிளைப்பு சில கிழமைகளில் குறையும். தசைநாண்களுக்கு இரத்தவோட்டம் குறைவாதலால் அவை உறுதிபெற மாதங்கள் செல்லும். எலும்போ புதிய பாரத்தைத் தாங்குவதற்காகத் தன்னைப் புதுக்கும்போது, பழைய பகுதியை முதலில் அரித்து அகற்றிவிட்டே புதியதைக் கட்டுகின்றது. இடைப்பட்ட கிழமைகளில் அது சற்று வலுக்குன்றியே இருக்கும். அக்காலத்தில்தான் மூச்சு இலகுவாகிவிட்டதே என்று அவர் தூரத்தையும் வேகத்தையும் ஒருங்கே கூட்டுகின்றார். முழங்காற் கீழெலும்பில் வலி, குதிநாணில் வீக்கம், சில வேளைகளில் எலும்பில் நுண்ணிய வெடிப்பு என்பன தொடர்கின்றன. இவ்வாறு இரண்டாம் முறை ஓட்டத்தை விட்டவர் மூன்றாம் முறை தொடங்குவது அரிது.

இதனைத் தவிர்க்கும் வழி கடினமானதன்று. முதல் மாதம் கிழமைக்கு நான்கு நாள், அரை மணி நேரம் விரைந்து நடத்தல் போதும். இரண்டாம் மாதம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை எனத் தொடங்கி, ஓட்டத்தை மெல்லக் கூட்டலாம். மூன்றாம் மாத முடிவில் ஐந்து கிலோமீற்றரை இடைவிடாது ஓட முடிந்தால் அது நல்ல முன்னேற்றம். அதன்பின் கிழமைக்கு ஒரு நாள் மட்டும் நெடுந்தூர ஓட்டமாக வைத்து, ஒவ்வொரு கிழமையும் ஒரு கிலோமீற்றர் கூட்டவேண்டும். ஒவ்வொரு நான்காம் கிழமையும் கூட்டாது குறைத்து, உடலுக்கு இளைப்பாறுதல் அளிக்கவேண்டும். தூரம் 17 கிலோமீற்றரை எட்டியதும், போட்டிக்கு முந்திய இரண்டு கிழமைகள் பயிற்சியைக் குறைத்துவிடலாம். இக்கணக்கின்படி ஏழு மாதங்கள் வேண்டும். போட்டி மூன்று மாதத்தில் வருகிறதென்றால், அதனை விட்டு அடுத்ததற்குப் பெயர் கொடுப்பதே விவேகம்.

வேகத்தை அளக்கக் கடிகாரம் வேண்டுவதில்லை. பக்கத்தில் ஓடுபவருடன் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரியானது. சொல் சொல்லாக முறிந்தால் அது அதிகம். இலங்கை போன்ற வெப்பநாட்டில் இவ்விதி மேலும் முக்கியமாகும். காற்றில் ஈரப்பதன் மிகுந்திருக்கும்போது வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடற்சூடு தணியாது ஏறும். கொழும்பிலோ மட்டக்களப்பிலோ ஓடுபவர் சூரியன் எழுமுன் ஓடி முடிப்பது நன்று. தாகத்துக்கு நீர் அருந்தவேண்டும். தாகமின்றி அளவுக்கு மீறி அருந்துவதும் தீங்கு விளைக்கும்.

நாற்பதைக் கடந்தவரும், நீரிழிவு, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உடையவரும் தொடங்குமுன் வைத்தியரைக் காண்பது கடமை. ஓடும்போது நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றினால் அக்கணமே நின்று, தாமதியாது வைத்திய உதவியை நாடவேண்டும்.

மீண்டும் ஓடத் தொடங்கியவருக்குப் பெருந்தடை அவருடைய பழைய நேரக்கணக்கே. இருபது வயதில் ஒரு மைலை எத்தனை நிமிடத்தில் ஓடினார் என்பதை அவர் மறப்பதில்லை; தம் பக்கத்தில் அந்த இளைஞனே ஓடுவதாக எண்ணி அவனை முந்த முயல்கின்றார். அந்தப் போட்டியைக் கைவிட்டு, சென்ற கிழமை தாம் ஓடிய தூரத்தை மட்டும் குறித்துவைத்துக்கொள்பவர், ஏழாம் மாதத்தில் 21 கிலோமீற்றரையும் கடந்து, மறுநாள் காலை வலியின்றித் தம் வேலைக்கு நடந்து செல்வார்.