மாவுக்கட்டுக் கையோடு போர்முனைக்கு



1947ஆம் ஆண்டு, அக்டோபர் மாதக் கடைசி. காஷ்மீருக்கு விமானத்தில் படைகளை அவசரமாக அனுப்பிக்கொண்டிருந்த நேரம். குமாவுன் படைப்பிரிவின் நான்காவது பட்டாலியனில் சோம்நாத் சர்மா என்றொரு மேஜர் இருந்தார். வயது 24. ஹாக்கி ஆடும்போது அடிபட்டு, இடது கையில் மாவுக்கட்டு. ஓய்வில் இருக்கச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. தன் ஆட்கள் போகும்போது தானும் போயே தீர வேண்டும் என்று பிடிவாதமாகக் கிளம்பிவிட்டார்.

நவம்பர் 3ஆம் தேதி, ஸ்ரீநகர் விமானத்தளத்துக்குப் பக்கத்தில் பட்காம் என்ற ஊரில் சண்டை. எதிரே சுமார் 700 பேர். இவரிடம் இருந்ததோ ஒரே ஒரு கம்பெனி. கட்டுப்போட்ட கையால் சரியாகச் சுட முடியாது. அதனால் தோட்டாக்களை நிரப்பி நிரப்பி, இயந்திரத் துப்பாக்கி வைத்திருந்தவர்களிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு மோர்ட்டார் குண்டு பக்கத்தில் இருந்த வெடிபொருள் மேல் வந்து விழுந்தது; அவர் உயிர் போனது. அவர்கள் தாக்குப்பிடித்து நின்ற அந்தச் சில மணி நேரத்தில் விமானத்தளத்துக்குக் கூடுதல் படை வந்து சேர்ந்தது. நாட்டின் முதல் பரம்வீர் சக்கர விருது அவர் பெயருக்குத்தான் வழங்கப்பட்டது.

பள்ளிப் புத்தகத்தில் அவரைப் படித்தவர்களுக்கு அந்த விருது நினைவிருக்கும். மாவுக்கட்டு நினைவிருக்காது. எனக்கோ அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. ஏனென்றால் நம் தூத்துக்குடி மாவட்டத்தில் கோவில்பட்டி இருக்கிறது. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர் வாங்கிய அந்தக் கரிசல் ஊர், ஹாக்கிக்கும் அதே அளவுக்குப் பேர் வாங்கியது. அங்கே மட்டை பிடிக்காத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். விரலிலோ கையிலோ கட்டோடு ஆட்டம் பார்க்க வந்து, ஓரத்தில் நின்று தவிக்கும் பையன்களை அந்த ஊர்க்காரர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். சோம்நாத் சர்மா அப்படி ஓரத்தில் நிற்க முடியாமல் போன ஒருவர். ஒரு ஹாக்கி ஆட்டக்காரனின் தவிப்பாக அதைச் சொன்னால், கோவில்பட்டிப் பையனுக்கு அந்த மனிதர் உடனே பிடிபட்டுவிடுவார்.

1971இல் கங்காசாகர் சண்டையில் உயிர்விட்டுப் பரம்வீர் சக்கரம் பெற்ற ஆல்பர்ட் எக்காவும் ஹாக்கி ஆட்டக்காரர்தான். இன்றைய ஜார்க்கண்டில், கும்லா பக்கத்துக் கிராமத்தில் மட்டை பிடித்துத் திரிந்தவர்.

விளையாட்டும் பட்டாளமும் நம் ஊர்களில் ஒரே மண்ணில்தான் தொடங்குகின்றன. விடியற்காலையில் தூத்துக்குடி தருவை மைதானத்துப் பக்கம் போய்ப் பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பையன்களில் ஒருவன் மாவட்டப் போட்டிக்கு ஓடுவான். இன்னொருவன் ராணுவ ஆள்சேர்ப்புக்கு ஓடுவான். ஆள்சேர்ப்பில் 1,600 மீட்டர் ஓட வேண்டும், கம்பியைப் பிடித்து உடலைத் தூக்க வேண்டும், ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மாவட்ட அணியில் இடம் கிடைக்காதவன் பட்டாளத்தில் இடம் பிடிப்பதும், பட்டாளத்துக்குப் போனபிறகு பெரிய ஆட்டக்காரனாக வளர்வதும் நாம் பார்த்துப் பழகிய கதைகள்.

அப்படிப் போனவர்களில் சிலர் திரும்புவதில்லை. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில், 19,000 அடிக்கும் மேலான காவல் நிலையில் பனி சரிந்து பத்துப் பேர் புதைந்தார்கள். பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 2019 பிப்ரவரி 14ஆம் தேதி புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் கொல்லப்பட்டபோது, கயத்தாறு பக்கத்துச் சவலாப்பேரிக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. சுப்பிரமணியன் என்ற அந்த இளைஞருக்காக அன்று மாவட்டமே அழுதது. அந்த அழுகை உண்மையானது. ஆனால் செய்தி ஓய்ந்தபிறகு வெளியூர்க்காரர்களிடம் மிஞ்சுவது ஒரு பெயரும் ஒரு தேதியும்தான்.

கயத்தாறு என்றதும் இன்னொரு நினைவு வருகிறது. 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம் அது. வெள்ளைக்காரன் ஆட்சியில் அங்கே நினைவுச்சின்னம் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்? வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். கல் சேர்ந்து சேர்ந்து குவியலாக நின்றது. சிலையும் மேடையும் பின்னால் வந்தவை. பெயரைச் சத்தமாகச் சொல்ல முடியாத காலத்தில் ஒரு மக்கள் கூட்டம் தன் ஆளை மறக்காமல் இருந்த விதம் அது. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியில் நடந்த போரில் செத்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குக் கல்லறை கட்டப்பட்டது. கட்டபொம்மன் பக்கம் நின்று செத்தவர்களில் சுந்தரலிங்கம் போன்ற சிலரின் பெயர் மட்டும் மக்கள் வாயில் தங்கியது. கம்பெனியின் பக்கம் கூலிக்கு நின்று செத்த நாட்டுச் சிப்பாய்களை இரண்டு தரப்பும் மறந்துவிட்டன. அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்தான்.

கடலுக்கு வருவோம். துறைமுக ஊர்க்காரர்களுக்குப் போர் என்றால் கப்பலும்தான். இரண்டாம் உலகப்போரில் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய மாலுமிகள் ஆயிரக்கணக்கில் மூழ்கிப் போனார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. கொதிகலனுக்குக் கரி தள்ளியவர்கள், சமையல் செய்தவர்கள், தளத்தைக் கழுவியவர்கள். கடலில் போனதால் கல்லறையும் இல்லை. இந்தியக் கடற்படையினர் 400க்கும் மேற்பட்டோர், சரக்குக் கப்பல் மாலுமிகள் சுமார் 6,000 பேர் என எல்லாப் பெயர்களும் ஓர் ஏட்டில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்த ஏடு மும்பையில் உள்ள மாலுமிகள் இல்லத்தில் ஒன்றும், வங்கதேசத்துச் சிட்டகாங் போர்க்கல்லறையில் ஒன்றுமாக இருக்கிறது. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவுகளிலும் அந்தப் பெயர்களைத் தேடலாம். நம் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் உட்கார்ந்தால் ஒரு கோடை விடுமுறைக்குள் படித்து முடித்துவிடலாம். அது நடக்க வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

உடல் கிடைக்காத சாவு என்றால் என்னவென்று இந்தக் கரைக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1961இல் கடைசி முத்துக்குளிப்பு நடக்கும்வரை, இடுப்புக்கயிறும் கால்கல்லுமாக இறங்கியவர்களின் உயிர் மேலே தோணியில் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. எத்தனை தோணி, எத்தனை சிப்பி என்று சர்க்கார் கணக்கு உண்டு. மேலே வராமல் போனவர்களின் பெயர் வீட்டில்தான் இருந்தது. நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாளன்று, குழி இல்லாதவர்களுக்காகவும் மெழுகுவர்த்தி ஏற்றி, பூசையில் பெயர் சொல்லி மன்றாடும் வழக்கம் நம் கடலோர ஊர்களில் இருக்கிறது.

இனி, அதே இரண்டாம் உலகப்போரில் எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு விளையாட்டு வீரர்கள். 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் முதன்முதலாக ஒரு டெஸ்ட் ஆட்டம் நடந்தது. இங்கிலாந்தின் ஹெட்லி வெரிட்டி முதல் இன்னிங்ஸில் 49 ரன் கொடுத்து ஏழு விக்கெட் எடுத்தார். நம் ஆட்களைத் திணறடித்த மனிதரைச் சென்னை ரசிகர்கள் கைதட்டிக் கொண்டாடியிருப்பார்கள். அந்த ஊரின் குணம் அது. ஒன்பது ஆண்டு கழித்து, கேப்டன் வெரிட்டி சிசிலித் தீவில் ஜெர்மானியர் சுட்டதில் காயம்பட்டுப் பிடிபட்டு, 1943 ஜூலை 31ஆம் தேதி இத்தாலியில் இறந்தார். அதே தீவில், அதே ஜூலையில், ஜெர்மன் சீருடையில் இன்னொருவர் இறந்திருந்தார். அவர் லுட்ஸ் லாங். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நீளம் தாண்டுதலில் ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு அடுத்து வெள்ளி வென்றவர். ஹிட்லர் இருந்த அரங்கில், வென்ற கறுப்பின வீரரை முதலில் கட்டியணைத்து வாழ்த்தியவர். அந்த இருவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்குக் காரணம் அவர்களுடைய சாவு இல்லை. சேப்பாக்கத்து ஏழு விக்கெட்டும் பெர்லினில் நடந்த அந்தத் தழுவலும்தான் என்னை அவர்களிடம் கூட்டிக்கொண்டு போயின.

நம் ஊர்களில் நினைவுக்கோப்பை இல்லாத விளையாட்டு ஏது? கோவில்பட்டியில் நடக்கும் பெரிய அகில இந்திய ஹாக்கிப் போட்டியே லட்சுமி அம்மாள் நினைவாக நடப்பது. கடலோரத்தில் கால்பந்து, உள்நாட்டில் கபடி. சுவரொட்டியில் ஒரு படம், கோப்பையில் ஒரு பெயர். நல்ல வழக்கம். ஆனால் கோப்பையைத் தூக்கும் பையனிடம் அந்தப் பெயருக்குரியவர் யாரென்று கேட்டால் பல நேரம் விழிக்கிறான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. யாரும் அவனிடம் சொன்னதில்லை.

பட்டாளத்தில் இறந்த ஒருவர் பெயரில் உங்கள் ஊரில் போட்டி நடந்தால், இறுதி ஆட்டத்துக்கு முன்னால் அவரோடு ஆடிய ஒருவரிடம் மைக்கைக் கொடுங்கள். தலைவர்களின் வாழ்த்துரை கொஞ்சம் குறையட்டும். அவர் எந்த இடத்தில் ஆடுவார், எந்தக் காலால் உதைப்பார், ஆள்சேர்ப்புக்கு யாரோடு ஓடிப் பழகினார், விடுமுறையில் வந்தால் முதலில் எந்த மைதானத்துக்குப் போவார் என்று அந்தக் கூட்டாளி சொல்லட்டும். சொல்வதைச் செல்போனில் பதிவு செய்து, ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ ஒரு பிரதி வையுங்கள். கூட ஆடியவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த போட்டிவரைக்கும் தள்ளிப்போட வேண்டாம்.