சதுரங்க வெற்றியும் செய்தித் துறையின் கடமையும்

2025ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள், ஜார்ஜியா நாட்டின் கருங்கடல் துறைமுக நகரமாகிய பத்துமியில், மகளிர் உலகக் கோப்பைச் சதுரங்கப் போட்டி நிறைவுற்றது. இறுதிச் சுற்றில் எதிரெதிரே அமர்ந்த இருவருமே இந்தியர். ஒருவர் ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்த கொனேரு ஹம்பி, வயது 38. மற்றவர் நாகபுரியைச் சேர்ந்த திவ்யா தேஷ்முக், வயது 19. நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டும் சமநிலையில் முடிந்தன. பின்னர் நடைபெற்ற விரைவு ஆட்டங்களில் முதலாவதும் சமநிலையாயிற்று. இரண்டாவதில் கறுப்புக் காய்களுடன் ஆடிய திவ்யா வென்று கோப்பையைக் கைப்பற்றினார். வெற்றி பெற்றதும் தாயைத் தழுவிக்கொண்டு அவர் கண்ணீர் பெருக்கிய காட்சி நாடெங்கும் பரவியது.

இந்தப் பாராட்டு முற்றிலும் தகுதி வாய்ந்ததே. எனினும் இங்குக் கூடியுள்ள மாணவர்களும் அலுவலர்களும் எண்ணிப் பார்க்க வேண்டுவது ஒன்று உண்டு. செய்தித் துறையின் ஒளி ஓர் இளம் ஆட்டக்காரர் மீது எப்போது விழுகிறது, எதன்மீது விழுகிறது என்பதே அது.

இதே திவ்யா, 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஜீ நகரில் நடந்த போட்டியில் பங்கேற்றார். அப்போது அவருக்கு வயது 18. போட்டி முடிந்தபின் அவர் தமது மனக்குறையை வெளிப்படையாகத் தெரிவித்தார். தாம் நன்கு ஆடிய ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதை விடுத்து, பார்வையாளர்கள் தமது உடை, கூந்தல், பேச்சின் ஒலிப்பு ஆகியவற்றையே பேசுகின்றனர் என்பது அக்குறையின் சாரம். ஆண் ஆட்டக்காரர்கள் ஆட்டத்திற்காகவே மதிக்கப்பட, பெண்கள் ஆட்டத்திற்குப் புறம்பானவற்றைக் கொண்டு அளக்கப்படுகின்றனர் என்றும் அவர் சுட்டினார். கவனிப்பு இல்லாமையை அவர் குறையாகக் கூறவில்லை. கவனிப்பு இருந்தது, ஆனால் சதுரங்கப் பலகையின்மீது இல்லை என்பதே அவரது வருத்தம்.

பழைய தடை, புதிய வடிவம்

பெண்களின் ஆட்டத்தை ஆட்டமாகக் காண மறுப்பது இந்நாட்டுச் சதுரங்க உலகிற்குப் புதியதன்று. 1976இல், 13 வயதுச் சிறுமியாகிய ரோகிணி காடில்கர், ஆடவர் தேசியப் போட்டியில் களமிறங்கியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது. அப்போது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவராயிருந்த மாக்ஸ் யூவே, போட்டிகளில் பெண்களுக்குத் தடை விதித்தல் கூடாது எனத் தீர்ப்பளித்தார். விதியில் இருந்த தடை இவ்வாறு நீங்கிற்று. பார்வையில் உள்ள தடை இன்னும் முற்றிலும் நீங்கவில்லை.

பத்துமி வெற்றியின் மூலம் திவ்யா இந்தியாவின் 88ஆவது கிராண்ட் மாஸ்டர் ஆனார். அந்த 88 பேருள் பெண்கள் நால்வரே: ஹம்பி, ஹரிகா துரோணவல்லி, சென்னையைச் சேர்ந்த வைஷாலி, திவ்யா. வழக்கமாக இப்பட்டம் பெற, உரிய போட்டிகளில் மூன்று தகுதி நிலைகளை எட்டுவதோடு 2500 தரப் புள்ளிகளையும் அடைதல் வேண்டும். அத்தகுதி நிலைகளுள் ஒன்றுகூட இன்றிப் பத்துமிக்குச் சென்ற திவ்யா, கோப்பையை வென்றதனால் நேரடியாகவே பட்டம் பெற்றார்.

வெற்றிக்கு முந்திய ஆண்டுகள்

சதுரங்கத்தில் வளரும் பிள்ளைக்குப் பயிற்சியாளர் தேவை. வெளியூர்ப் பயணமும், தங்குமிடமும், பெரும்பாலும் உடன்செல்லும் பெற்றோரின் விடுப்பும் தேவை. இச்செலவை முதலில் குடும்பமே தாங்குகிறது. எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகம் போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை அளித்து ஆதரிப்பது போற்றத்தக்கது. ஆனால் ஆதரவளிப்போர் செய்தியின் வாயிலாகவே பெயர்களை அறிகின்றனர். மாவட்டப் போட்டியில் வென்ற பத்து வயதுப் பெண்ணைப் பற்றி ஒரு வரியும் வெளிவராவிடில், அவளுடைய பெற்றோர் உதவி கேட்கச் செல்லுமிடத்தில் காட்டுவதற்கு ஏதுமில்லை. உதவி மிகவும் தேவைப்படும் ஆண்டுகளில் ஒளி இல்லை. அது வந்து சேரும்போது தேவை பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

தோற்றவர்க்கும் இதில் பங்கு உண்டு. 2002இல் தமது 15ஆவது வயதிலேயே கிராண்ட் மாஸ்டர் ஆனவர் ஹம்பி. 2019லும் 2024லும் உலக விரைவுச் சதுரங்கப் பட்டம் வென்றவர். பத்துமியில் கால் இறுதியை எட்டிய எண்மருள் நால்வர் இந்தியர். ஒருவரை மட்டும் கொண்டாடும் செய்தி, ஒரு நாடு இருபதாண்டுகளுக்கு மேலாக அடைந்த வளர்ச்சியைக் கூறாது விட்டுவிடுகிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, செய்தியாளர் ஆட்டத்தைப் படிக்கக் கற்றல் வேண்டும். எட்டு எழுத்துகளும் எட்டு எண்களும் 64 கட்டங்களையும் குறித்துவிடுகின்றன; இக்குறியீட்டைச் சில மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். முழு ஆட்டம் ஒன்றை அச்சிட நாளிதழில் சிறிதளவு இடமே போதும். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவர், எந்த நகர்த்தலில் வெற்றி உறுதியாயிற்று என்று வினவுவார். அது தெரியாதவரே உடையைப் பற்றி எழுதப் புகுவார்.

இரண்டாவது, மாவட்ட விளையாட்டு அலுவலர்களும் பள்ளித் தலைமையாசிரியர்களும் போட்டி முடிவுகளைச் சிறந்த ஆட்டங்களின் குறிப்புடன் உள்ளூர் நாளிதழ்களுக்கும் வானொலி நிலையங்களுக்கும் முறையாக அனுப்பி வைக்கலாம். மகளிர் பிரிவின் முடிவுகளும் தவறாமல் அதில் இடம்பெறல் வேண்டும்.

மூன்றாவது, அளவறிதல். பதின்ம வயதினர்மீது ஓயாது வீசப்படும் ஒளி, அடுத்த தோல்வியைப் பெருஞ்சுமையாக்கிவிடும். பாராட்டு விழாக்களும் பேட்டிகளும் பயிற்சிக்கும் கல்விக்கும் உரிய நேரத்தைப் பறித்துவிடாதபடி அலுவலர்களும் சங்கங்களும் காத்தல் கடமையாகும்.

இவற்றிற்குப் பெரும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மாணவர்கள் தம் பள்ளிச் சுவரிதழிலேயே இதனைத் தொடங்கலாம்: அடுத்த போட்டியில் ஆடிய தம் தோழியின் சிறந்த ஆட்டம் ஒன்றை, முதல் நகர்த்தல் முதல் இறுதி வரை எழுதி ஒட்டுவதே அதற்கு ஏற்ற முதற்படியாகும்.