ஊர்ப் பள்ளிக்கும் மும்பைப் பள்ளிக்கும் நடுவே

(தாராவியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"ஊர்ப் பள்ளி நல்லதா, மும்பைப் பள்ளி நல்லதா?" என்று பேசும்படி பணித்திருக்கிறார்கள். பட்டிமன்றத் தலைப்பு போலத்தான் இருக்கிறது. பட்டிமன்றத்தில் தோற்றவர் கைதட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இந்த வழக்கில் தோற்பது நம் பிள்ளை. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம்மில் பலருடைய தாத்தாக்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக இங்கே வந்தவர்கள். அவர்கள் வந்த காலத்தில் ஊரில் நம் தெருப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாக்கனி. 1953-ல் ராஜாஜி அரசு பாதி நாள் படிப்பு, பாதி நாள் தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பி 1954-ல் அது கைவிடப்பட்டது. பின் வந்த காமராசர் ஊருக்கு ஊர் பள்ளி திறந்தார், மதிய உணவு போட்டார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022-ல் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. ஆக, ஊர்ப் பள்ளி என்றாலே மட்டம் என்ற பேச்சு இன்று எடுபடாது.

நகரத்துப் பள்ளி எல்லாம் உசத்தி என்பதும் அப்படித்தான். மாதுங்காவில் 1932-லேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம், அதுதான் எஸ்.ஐ.இ.எஸ்., தொடங்கப்பட்டுவிட்டது. ஆபீஸ் வேலைக்கு வந்த தமிழர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் கல்லூரியும் கட்டிக்கொண்டார்கள். தோல் ஷாப்பிலும் இட்லி வியாபாரத்திலும் நின்ற தமிழனுக்கு மாநகராட்சிப் பள்ளிதான் கதி. மாதுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே ஓடுவது ஒரு ரயில் பாதை. அதைத் தாண்டினால் படிப்பே வேறு. பட்டணத்துக்குள்ளேயே ஒரு பட்டணமும் ஒரு பட்டிக்காடும் இருக்கின்றன தோழர்களே!

சரி, எது நல்லது? என் பதில் இதுதான்: இரண்டிலும் படிக்கலாம், இரண்டிலும் படித்து முன்னேறியவர்கள் இருக்கிறார்கள். நம் பிள்ளைகள் கெடுவது ஊரிலும் அல்ல, மும்பையிலும் அல்ல. இரண்டுக்கும் நடுவே, நாகர்கோவில் ரயிலில் அவர்களை மாற்றி மாற்றி ஏற்றுகிறோமே, அங்கேதான் கெடுகிறார்கள்.

ஏன் ஏற்றுகிறோம்? பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர். விடியுமுன் மாவு அரைக்க எழுந்திருக்கும் தாய். "ஆச்சி வீட்டில் இருக்கட்டும்" என்று ஒரு வருடம் அனுப்புகிறோம். ஆச்சிக்கு முடியவில்லை என்றால் திரும்ப அழைக்கிறோம். பெண் பிள்ளை பெரியவளானால் மறுபடி ஊர். சின்னவனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றால் மறுபடி மும்பை. நம் கஷ்டம் உண்மையான கஷ்டம். அதற்கு விலை கொடுப்பது பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை.

நானும் அப்படி வந்தவன்தான். ஊரில் ஐந்தாம் வகுப்பு முடித்து வந்தவனை இங்கே மூன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். எனக்குக் கணக்கு தெரியும். கணக்கைக் கேட்ட மொழி தெரியாது. மூன்று வயது சிறியவர்களோடு அமர்ந்த அந்த வெட்கம் இன்னும் ஆறவில்லை.

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை. பிள்ளை தமிழும் ஆங்கிலமும் படிக்கிறான். இங்கே மராத்தியும் இந்தியும் சேருகின்றன. 2020-ல் வந்த சட்டப்படி எந்தப் பயிற்றுமொழிப் பள்ளியானாலும் மராத்தி கட்டாயம். ஊரிலிருந்து ஏழாம் வகுப்புக்கு வருகிறவன் இரண்டு மொழிகளில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். இங்கிருந்து போகிறவன் கதை வேறு. நாலு மொழி பேசுவான். ஊர் வாத்தியார் தமிழில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னால் விழிப்பான். பாடநூலும் வேறு, தேர்வு மாதமும் வேறு. முட்டாள் என்ற பட்டம் மட்டும் இரண்டு இடத்திலும் கிடைக்கும்.

மகாராஷ்டிரத்தில் தொடக்கக் கல்வி என்பது நெடுங்காலம் ஏழாம் வகுப்போடு முடிந்தது. தமிழ்வழியில் படித்தவன் அதன்பின் ஆங்கில வழிக்கோ இந்தி வழிக்கோ தாவ வேண்டியிருந்தது. தாவ முடியாதவன் எங்கே போனான்? ஊருக்குப் போனான், அல்லது வேலைக்குப் போனான்.

தாய்மார்கள் இனிச் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும். பள்ளி மாற்றினால் உரிமையும் போகலாம். தமிழ்நாட்டில் 2020-ல் அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2021-ல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. நிபந்தனை என்ன? 6 முதல் 12 வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024-ல் ஆண்களுக்கு வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் அதே கணக்கைத்தான் வைத்தன. இங்கேயோ மருத்துவக் கல்லூரியின் மாநில ஒதுக்கீட்டு இடத்துக்குப் பொது விதிப்படி பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் மகாராஷ்டிரத்தில் தேறியிருக்க வேண்டும். எட்டு வரை இங்கே, பத்து அங்கே, பன்னிரண்டு மறுபடி இங்கே என்று படித்தவனுக்கு அந்தக் கதவும் இல்லை, இந்தக் கதவும் இல்லை!

சாதிச் சான்றிதழும் ரயில் ஏறி வராது. 1990-லும் 1994-லும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி என்பதாலேயே குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தச் சலுகை கிடைக்காது. இந்த மாநிலப் பட்டியலில் சாதிப் பெயர் இருக்க வேண்டும்; 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்குக் காகிதமும் வேண்டும். சேரியை விட்டு வந்தவனைச் சாதி தாராவி வரை துரத்தி வந்தது. சலுகை மட்டும் எல்லையில் நின்றுகொண்டது. இதென்ன நியாயம் என்று நாம் கேட்க வேண்டாமா?

வழியே இல்லையா? இருக்கிறது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. 6 முதல் 14 வயதுப் பிள்ளை மாநிலத்துக்குள்ளோ வெளியிலோ அரசுப் பள்ளிக்கு மாறலாம். மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டியது தலைமை ஆசிரியரின் கடமை. சான்றிதழ் தாமதம் என்று சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது. பள்ளியில் சேராத, படிப்பு நின்றுபோன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும். இந்தச் சட்டம் அன்று இருந்திருந்தால் நான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க மாட்டேன். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் சொல்கிறது. யாரிடமும் பிச்சை கேட்கவில்லை தோழர்களே, எழுதி வைத்ததைக் கேட்கிறோம்.

ஆகவே சங்கம் கேட்க வேண்டியவை மூன்று. தமிழ்வழியில் தொடங்கும் பிள்ளை பத்தாம் வகுப்பு வரை தமிழிலேயே படிக்க வசதி வேண்டும். ஊரிலிருந்து வரும் பிள்ளைக்கு மராத்தியும் இந்தியும் கற்பிக்கத் தனி வகுப்பு வேண்டும். மூன்றாவது, 2024-ல் தாராவி மறுசீரமைப்புக்குக் கணக்கெடுப்பு தொடங்கினார்களே, வீட்டைக் கணக்கெடுப்பது போலப் பள்ளிப் பிள்ளையையும் கணக்கெடுக்க வேண்டும். 1976-ல் செம்பூரை அடுத்த டிராம்பேயில் ஜனதா காலனியை இடித்து, மக்களைச் சீத்தா கேம்ப்புக்குத் தூக்கிப்போட்டதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. குடும்பம் இடம் பெயர்ந்தால் முதலில் அறுவது பிள்ளையின் படிப்பு. புது இடத்தில் பள்ளி திறக்காமல் எங்களைப் பெயர்க்காதே என்று சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது ஒன்று. ஐந்தாம் வகுப்பு முடியும்போது கணவனும் மனைவியும் உட்கார்ந்து, ஊரா மும்பையா என்று ஒரே முறை முடிவு செய்யுங்கள். பிறகு பன்னிரண்டு வரை அசைக்காதீர்கள். மகளுக்கும் அதே நியாயம்தான். அண்ணல் அம்பேத்கரும் சத்தாராவிலிருந்து இந்த ஊருக்கு வந்த பிள்ளைதான். பரேலில் ஒற்றை அறைக் குடித்தனம்; எல்ஃபின்ஸ்டன் பள்ளியில் படித்து 1907-ல் மெட்ரிகுலேஷன் தேறினார். அறை சிறியது என்று அவர் தந்தை படிப்பை அறுக்கவில்லை.

ஏப்ரல் வந்துவிடும், ரயிலுக்குச் சீட்டு எடுப்போம். பிள்ளைக்குப் போக ஒரு சீட்டு எடுக்கும்போதே, பள்ளி திறக்குமுன் திரும்பி வரவும் ஒரு சீட்டு எடுத்துவிடுங்கள். இதைத்தான் சொல்ல வந்தேன்.