எட்டு ஆண்டுகளும் எட்டுப் பந்துகளும்
(நம் சங்கத்தின் விளையாட்டு விழாவில் பேசியது)

பரிசு வாங்காத பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்தான் என் பேச்சு.

சென்னையில் பிறந்த தினேஷ் கார்த்திக் 2004-இல் இந்திய அணிக்கு வந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தோனியும் வந்தார். விக்கெட் கீப்பர் இடமோ ஒன்றுதான். அது தோனிக்குப் போயிற்று. கார்த்திக் 2010-க்குப் பிறகு அடுத்த டெஸ்ட் ஆட எட்டு ஆண்டுகள் ஆயின. ஐபிஎல்லில் டெல்லி, பஞ்சாப், மும்பை, பெங்களூரு, குஜராத், கொல்கத்தா என ஆறு அணிகள் மாறினார். வங்கியில் மாற்றல் உத்தரவு வாங்கியவன் நான். போகும் ஊரிலெல்லாம் முதலிலிருந்து பெயர் எடுக்க வேண்டும்.

2018 மார்ச் 18, கொழும்பு. வங்கதேசத்துடன் இறுதி ஆட்டம். 12 பந்தில் 34 ரன் வேண்டும் என்றபோது இறங்கினார். 8 பந்தில் 29 ரன். கடைசிப் பந்தில் 5 ரன் தேவை, சிக்ஸர் அடித்தார். 37 வயதிலும் உலகக் கோப்பை ஆடினார்.

பிள்ளைகளே, அணியில் சேர்க்கவில்லை என்று மட்டையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். பெற்றோரே, நீங்களும் அதை எடுத்து வைத்துவிடாதீர்கள். நாளை மாலையும் மைதானத்துக்கு அனுப்புங்கள்.